சுகமான பின்பு வேலையா, வேலையோடு சுகமா?

புலம்பெயர்ந்த தமிழர் செறிந்து வாழும் எந்தப் பெருநகரிலும் வெளியே சொல்லப்படாத ஒரு கதை உண்டு. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டோ மூன்றாம் ஆண்டோ படித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென வகுப்புக்குச் செல்வதை நிறுத்திவிடுகிறது. இரவில் உறக்கம் இல்லை. யாரோ தன்னைக் கண்காணிப்பதாகச் சொல்கிறது. எவருக்கும் கேட்காத குரல்கள் அதற்கு மட்டும் கேட்கின்றன. பின்னர் வைத்தியசாலை, ஊசி, மாத்திரை. சில மாதங்களில் குரல்கள் அடங்குகின்றன, பிள்ளை வீடு திரும்புகிறது. பெரும்பாலான வீடுகளில் கதை அத்துடன் நின்றுவிடுகிறது. ஐந்து ஆண்டுகள் கழிகின்றன, பத்து ஆண்டுகளும் கழிகின்றன. பிள்ளை நிலக்கீழ் அறையிலேயே இருக்கிறது. கோவில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் பெற்றோர் மட்டும் வருகின்றனர். கேட்பவர்களுக்குத் "தம்பி வேறு நகரத்தில் படிக்கிறான்" என்ற பதில் தயாராக இருக்கிறது.

இப்பெற்றோர் அன்பில்லாதவர்கள் அல்லர். மாத்திரை தவறாமல் கொடுப்பவர்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்பவர்கள், நேர்த்தி வைப்பவர்கள். வேலை பற்றிய பேச்சு எழும்போது மட்டும் அவர்கள் சொல்வது ஒன்றுதான்: "முதலில் முழுதாகச் சுகம் வரட்டும், வேலையைப் பிறகு பார்க்கலாம்." கேட்பதற்கு நியாயமான வாதம். மருத்துவர்களில் பலரும் நீண்ட காலம் இதையே கூறி வந்தனர். ஆனால் கடந்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் இந்த வரிசை பிழையானது என்பதைத் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. இந்தச் செய்தி தமிழ் வீடுகளை இன்னமும் சரிவர எட்டவில்லை என்பதே வேதனைக்குரியது.

இங்கே பேசப்படுவது சாதாரண மனக்கவலையோ சோர்வோ அன்று. மனச்சிதைவு, இருதுருவ மனநிலைக் கோளாறு போன்ற கடும் உளநோய்களே. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி உலகில் ஏறத்தாழ 2 கோடியே 40 இலட்சம் பேர் மனச்சிதைவு நோயுடன் வாழ்கின்றனர். அதாவது ஏறக்குறைய 300 பேருக்கு ஒருவர். நோய் பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலும் இருபதுகளிலும் தலைகாட்டுகிறது. ஒருவர் படிப்பை முடித்து முதல் வேலையில் காலடி வைக்கும் வயது அது. அதே நிறுவனம் இன்னொன்றையும் சொல்கிறது: இந்நோய் கண்டவர்களில் குறைந்தது மூவரில் ஒருவர் முழுமையாகக் குணமடைகிறார். எஞ்சியோரிலும் பலர் நோயின் அறிகுறிகளோடு சேர்ந்தே ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொள்ள முடியும்.

புலம்பெயர்ந்தோர் இதனைக் கூடுதல் அக்கறையுடன் நோக்க வேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. அதுவரை பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2005ஆம் ஆண்டு வெளிவந்த கட்டுரை ஒன்று, குடிபெயர்ந்து வந்தவர்களுக்கு மனச்சிதைவு ஏற்படும் வாய்ப்பு உள்நாட்டவரைவிட 2.7 மடங்கு என்றும், அவர்களின் பிள்ளைகளுக்கு அது 4.5 மடங்கு என்றும் கண்டது. எல்லாச் சமூகங்களுக்கும் இவ்வெண்கள் ஒரே அளவில் பொருந்துவதில்லை. அடிப்படை வாய்ப்பே சிறியது என்பதால் பெற்றோர் பீதி கொள்ளவும் தேவையில்லை. ஆயினும் வந்த தலைமுறையைவிட இங்கு பிறந்த தலைமுறைக்குச் சுமை கூடியிருப்பதைப் பார்க்கும்போது, இதனைக் குடும்பத்தின் சாபம் என்றோ பரம்பரைக் குறை என்றோ மட்டும் ஒதுக்கிவிட முடியாது. தனிமை, பாகுபாடு, இரு உலகங்களுக்கு இடையே நிற்கும் நெருக்கடி ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

இனி வேலைக்கு வருவோர் பற்றிப் பார்க்கலாம். முன்னைய முறை படிப்படியானது. நோயாளர் முதலில் பகல்நேர நிலையத்தில் கூடை பின்னுவார், படம் வரைவார். அடுத்து, நோயாளர்களுக்கென்றே அமைந்த பட்டறையில் சிறு ஊதியத்துக்குப் பொதி கட்டுவார். பின்னர் நேர்முகத் தேர்வுக்கான பயிற்சி வகுப்பு. எல்லாப் படிகளிலும் தேறிய பின்னரே வெளியுலக வேலை. நடைமுறையில் பெரும்பாலானோர் இடைப்படிகளிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டனர். கரையில் நின்றபடி நீச்சல் பயிலச் சொன்ன கதையாக அது முடிந்தது.

இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்கள் அமெரிக்காவின் நியூ ஹம்ஷயர் மாநிலத்தைச் சேர்ந்த ரொபேர்ட் டிரேக் என்ற உளமருத்துவரும் டெபோரா பெக்கர் என்ற தொழில் மறுவாழ்வு வல்லுநரும் ஆவர். 1990களின் தொடக்கத்தில் அம்மாநிலத்து நிலையம் ஒன்று தனது பகல்நேரத் திட்டத்தை மூடிவிட்டு, வேலை செய்ய விரும்பியோருக்கு நேரடியாக வேலை தேடிக் கொடுக்கத் தொடங்கியது. வேலைக்குச் சென்றோரின் தொகை உயர்ந்தது. வைத்தியசாலை அனுமதிகள் பெருகும் என்று அஞ்சப்பட்டது. அப்படி எதுவும் நடக்கவில்லை. அங்கிருந்து வளர்ந்த முறையே இன்று ஐ.பி.எஸ். என்ற மூன்றெழுத்தில் அறியப்படுகிறது. இந்தியத் தமிழர் காதில் அவ்வெழுத்துக்கள் காவல்துறை அதிகாரியை நினைவூட்டக்கூடும். இங்கே அவை தனிநபரை வேலையில் அமர்த்தி, தொடர்ந்து ஆதரவு தரும் முறையைக் குறிக்கின்றன.

இம்முறையின் உள்ளமைப்பு எளிது, ஆனால் கண்டிப்பானது. முதலாவது விதி: வேலை செய்ய விரும்பும் எவரும் தள்ளி வைக்கப்படுவதில்லை. "நீ இன்னும் தயாராகவில்லை" என்று சொல்லும் அதிகாரம் எவருக்கும் இல்லை. இரண்டாவது: தேடப்படுவது எவரும் விண்ணப்பிக்கக்கூடிய, சட்டப்படியான ஊதியமுள்ள உண்மையான வேலை. மூன்றாவது: எந்த வேலை என்பதை அவரின் விருப்பமே தீர்மானிக்கும். நான்காவது: தேடல் உடனே தொடங்க வேண்டும். 30 நாட்களுக்குள் முதலாவது வேலைதருநரைச் சந்தித்திருக்க வேண்டும் என்பது அளவுகோல். ஐந்தாவது: வேலைவாய்ப்பு ஆலோசகர் மருத்துவக் குழுவின் உறுப்பினராகவே இயங்குவார். மாத்திரை மாறினால் அவருக்குத் தெரியும், வேலை நேரம் மாறினால் மருத்துவருக்குத் தெரியும். ஆறாவது: வேலைக்குச் சென்றால் அரச உதவிப்பணம் என்னவாகும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்வர். ஏழாவது: ஆலோசகர் வேலைதருநர்களைத் தேடிச் சென்று உறவை வளர்ப்பார். எட்டாவது: வேலை கிடைத்தவுடன் கோப்பு மூடப்படுவதில்லை. ஆதரவு தேவைப்படும் காலம் வரை தொடரும்.

ஏழாவது விதியைச் சற்று விரித்துக் கூறலாம். ஓர் ஆலோசகரிடம் ஒரே காலத்தில் 20 பேருக்கு மேல் ஒப்படைக்கப்படுவதில்லை. கிழமைக்கு ஆறு வேலைதருநர்களையாவது அவர் நேரில் சந்திக்க வேண்டும். முதல் முறை செல்லும்போது வேலை கேட்பதில்லை, பேசுவதற்கு ஒரு நேரம் மட்டும் கேட்பார். இரண்டாம் முறை அந்த நிறுவனத்துக்கு எத்தகைய ஆள் தேவை, எந்த நேரத்தில் வேலை நெருக்கடி அதிகம் என்று கேட்டறிவார். மூன்றாம் முறையே பொருத்தமான ஒருவரைப் பற்றிப் பேசுவார். ஊரில் ஒரு காரியத்துக்காக ஒரு வீட்டுக்கு மூன்று முறை சென்று தேநீர் அருந்திய பெரியவர்களுக்கு இந்த வழி புதிதன்று. இவ்வாறு எல்லாம் நடக்கிறதா என்று சோதிக்க 25 அம்சங்கள் கொண்ட தரப்பட்டியல் ஒன்றும் உண்டு. அப்பட்டியலில் கூடுதல் புள்ளி பெறும் நிலையங்களில் கூடுதலானோர் வேலைக்குச் செல்கின்றனர்.

முடிவுகள் என்ன? 2008ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு மீளாய்வு, குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து நடத்தப்பட்ட 11 ஆய்வுகளைத் தொகுத்தது. ஐ.பி.எஸ். பெற்றவர்களில் 61 விழுக்காட்டினர் திறந்த சந்தையில் வேலை பெற்றனர். மற்ற முறைகளில் அது 23 விழுக்காடு. "இது அமெரிக்கக் கதை" என்று கூறியவர்களுக்கு 2007இலேயே விடை கிடைத்திருந்தது. இலண்டன், உல்ம், ரிமினி, சூரிச், குரோனிங்கன், சோபியா ஆகிய ஆறு ஐரோப்பிய நகரங்களில் 312 பேரிடம் நடந்த ஆய்வில், ஐ.பி.எஸ். பிரிவில் 55 விழுக்காட்டினரும் வழமையான தொழிற்பயிற்சிப் பிரிவில் 28 விழுக்காட்டினரும் ஒரு நாளாவது வேலை செய்திருந்தனர். மீண்டும் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டோர் முதற்பிரிவில் 20 விழுக்காடு, மற்றதில் 31 விழுக்காடு. வேலைக்கு அனுப்பினால் நோய் திரும்பும் என்ற அச்சத்துக்கு இவ்வெண்கள் நேரடியான பதில்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. அதே ஐரோப்பிய ஆய்வில் ஐ.பி.எஸ். பிரிவிலும் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு வேலை கிடைக்கவில்லை. கிடைக்கும் வேலைகள் பல பகுதிநேரமானவை, தொடக்கநிலையில் உள்ளவை. முதல் வேலை சில மாதங்களில் முடிந்துவிடுவதும் சாதாரணம். டென்மார்க்கில் 720 பேரைக் கொண்டு நடந்து 2019இல் வெளியான ஆய்வில் ஐ.பி.எஸ். பிரிவில் சுமார் 60 விழுக்காட்டினர் வேலைக்கோ படிப்புக்கோ சென்றனர். வழமைச் சேவைப் பிரிவிலும் அது 46 விழுக்காட்டைத் தாண்டியது. நல்ல பொதுநலச் சேவை உள்ள நாட்டில் வேறுபாடு சுருங்குகிறது. ஆக இது மந்திரக்கோல் அன்று. ஆனால் காத்திருப்பதைவிட நல்லது என்பதில் ஐயமில்லை.

ஆதாரம் இவ்வளவு வலுவாக இருப்பதால்தான் அரசுகள் இதனை ஏற்றன. பிரித்தானியாவின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம், வேலைக்குச் செல்ல விரும்பும் உளநோயாளர்க்கு ஆதரவுடன் கூடிய வேலைவாய்ப்புத் திட்டம் வழங்க வேண்டும் என்று 2014இல் பரிந்துரைத்தது. 2019இல் வெளியான அந்நாட்டுச் சுகாதாரச் சேவையின் நீண்டகாலத் திட்டம், 2023-24ஆம் ஆண்டளவில் ஆண்டுக்கு 55,000 பேர் இதனைப் பெற வேண்டும் என இலக்கு வைத்தது. நோர்வேயிலும் கனடாவின் சில மாகாணங்களிலும் இது நடைமுறையில் உள்ளது. அவுஸ்திரேலியாவில் இளையோருக்கான 'ஹெட்ஸ்பேஸ்' நிலையங்கள் சிலவற்றில் 2016இல் இது தொடங்கப்பட்டது. சேவை இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறும் வாய்தான் தமிழ்க் குடும்பங்களில் குறைவு.

ஏன் கேட்பதில்லை? மூன்று அச்சங்கள் குறுக்கே நிற்கின்றன. நோய் கூடிவிடும் என்பது முதல் அச்சம். அதற்கான விடை மேலே உள்ளது. வேலையற்று அறைக்குள் கிடப்பதும் ஒரு நெருக்கடியே என்பதைப் பெற்றோர் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டாவது, உதவிப்பணம் நின்றுவிடும் என்பது. இது பொய்யான அச்சம் அன்று. நாட்டுக்கு நாடு விதிகள் வேறு, பிழையாகக் கணக்கிட்டால் இழப்பு உண்டு. ஆயினும் பல இடங்களில் விதிகள் முன்பைவிடத் தளர்ந்துள்ளன. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வலுக்குறைந்தோர் உதவித் திட்டத்தில் இருப்பவர், உதவிப்பணம் குறையாமல் மாதம் 200 டொலர் மட்டுமே உழைக்கலாம் என்றிருந்தது. 2023 பெப்ரவரியில் அது 1,000 டொலராக உயர்த்தப்பட்டது. இச்செய்தி தெரியாததால் ஒரு நாள் வேலைக்கும் அஞ்சி வீட்டிலிருப்போர் உண்டு. உறவினர் சொல்லக் கேட்டதை விடுத்து, கணக்கு அறிந்த அலுவலரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுவதே வழி.

மூன்றாவது அச்சமே ஆழமானது: வெளியில் தெரிந்துவிடும். தமக்கையின் சம்பந்தம் குழம்பும், தம்பியின் பெயர் கெடும். இந்த அச்சத்தால் தமிழ் பேசும் ஆலோசகரைக்கூடச் சில குடும்பங்கள் விரும்புவதில்லை. ஆனால் வேலைதருநரிடம் நோயைச் சொல்வதா இல்லையா, சொன்னால் எவ்வளவு சொல்வது, எப்போது சொல்வது என்பதை ஐ.பி.எஸ். முறையில் அந்த நபரே முடிவு செய்கிறார். சொல்ல விரும்பாதவருக்காக ஆலோசகர் திரைக்குப் பின்னால் நின்று உதவுவார். பிரித்தானியாவில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், வேலை உறுதியாகும் முன்னர் விண்ணப்பதாரரின் உடல்நலம் பற்றிக் கேட்பதைப் பொதுவாகத் தடை செய்கிறது. சொல்ல விரும்புபவருக்கும் பயன் உண்டு. நியாயமான மாற்றங்களைச் செய்து கொடுக்கும் கடமை அதன் பின் வேலைதருநருக்கு ஏற்படுகிறது.

அம்மாற்றங்கள் பெரும் செலவு பிடிப்பவை அல்ல. இரவில் எடுக்கும் மாத்திரையால் காலையில் தலை கனக்கும் ஒருவருக்கு 8 மணி வேலையை 11 மணிக்கு மாற்றினால் போதும். வாய்மொழியாக அடுக்கிச் சொல்வதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். இரைச்சல் மிகுந்த மூலையிலிருந்து மேசையைச் சுவரோரம் நகர்த்தினால் போதும். குளோசபின் மருந்து எடுப்பவர் இரத்தப் பரிசோதனைக்குச் சென்றுவர ஒரு முற்பகல் விடுப்பு வேண்டும். கணினி நிறுவனங்களில் இவற்றில் பல இன்று எல்லா ஊழியருக்கும் வழங்கப்படும் வழமையான வசதிகளே.

தமிழ்ச் சமூகம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றும் இருக்கிறது. "சும்மா இருக்கும்" பிள்ளையை மாமாவின் கடைக்கு அனுப்புவது பல குடும்பங்கள் கண்ட தீர்வு. பெட்டி தூக்குதல், தட்டு அடுக்குதல், இரவு வரை கல்லாவில் நிற்றல். ஊதியம் கைச்செலவுக்குச் சிறு தொகை, அல்லது அதுவும் இல்லை. செய்பவர்கள் அதனை உதவி என்றே நம்புகின்றனர். ஆனால் சம்பளச் சீட்டும் விடுப்பும் இல்லாத அந்த இடத்தில், மாத்திரையால் கை நடுங்கினால் ஏச்சு மட்டும் கிடைக்கும். இரக்கத்தின் பெயரால் ஒருவரின் உழைப்பு மலிவாகிவிடுகிறது. அதே மாமா சட்டப்படியான ஊதியமும் குறித்த நேரமும் கொடுத்தால், அந்தக் கடையே மிகச் சிறந்த முதல் வேலைத்தலமாகிவிடும்.

மறுபக்கம், பிள்ளை பொறியியலாளனாகவே வெளிவர வேண்டும் என்று காத்திருப்போரும் உளர். பேரங்காடியில் கிழமைக்கு 12 மணி நேரம் பொருள் அடுக்கும் வேலை அவர்களுக்குத் தாழ்வாகத் தெரிகிறது. வந்த புதிதில் இதே பெற்றோர் உணவகங்களில் கோப்பை கழுவியும் எரிபொருள் நிலையங்களில் இரவுப்பணி பார்த்தும் எழுந்து நின்றவர்கள். தமக்குப் படிக்கட்டாக இருந்ததைப் பிள்ளைக்கு மட்டும் இழிவாகக் காண்பது நியாயமா? படிப்பைத் தொடர விரும்புவோருக்கு ஐ.பி.எஸ். குழுக்களில் பல கல்விக்கும் துணை நிற்கின்றன.

தாயகத்து அனுபவமும் இதற்குச் சான்று. சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான 'ஸ்கார்ஃப்', தொழில் மறுவாழ்வைத் தன் பணியின் பகுதியாகவே கொண்டு வளர்ந்தது. 1980களின் தொடக்கத்தில் முதன்முறையாக நோயுற்று வந்த 90 பேரைச் சென்னை மருத்துவர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். அவர்களில் ஆண்களுள் பெரும்பான்மையினர் வேலைக்குத் திரும்பியிருந்தனர். இதைப் பொற்காலமாகப் பாட வேண்டியதில்லை. உதவிப்பணம் இல்லாத நாட்டில், குடும்பத்தைத் தாங்க வேண்டிய கட்டாயத்தில் அவர்கள் உழைத்தனர். எனினும் மனச்சிதைவு கண்ட தமிழர் உழைக்க முடியும் என்பதற்கு இதைவிட அருகிலுள்ள சான்று வேண்டியதில்லை. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உளநோயையும் அரச வேலை ஒதுக்கீட்டுக்குள் கொண்டுவந்துள்ளது.

செய்ய வேண்டியவை எட்டாத தூரத்தில் இல்லை. பெற்றோர் அடுத்த முறை உளநல நிலையத்துக்குச் செல்லும்போது ஒரு கேள்வியைக் கேட்கலாம்: "இங்கே ஐ.பி.எஸ். ஆலோசகர் இருக்கிறாரா? என் பிள்ளையை அவரிடம் எப்போது அனுப்புவீர்கள்?" இல்லை என்ற பதில் வந்தால், எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். அதற்கும் முன்னதாகப் பிள்ளையிடமே "உனக்கு வேலைக்குப் போக விருப்பமா?" என்று கேட்க வேண்டும். பல வீடுகளில் இக்கேள்வி ஒருமுறைகூடக் கேட்கப்பட்டதில்லை. விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாமல், சில மாதங்கள் கழித்து மீண்டும் கேட்கலாம்.

இளையோருக்கும் பங்குண்டு. பல்கலைக்கழகத்திலிருந்து காணாமற்போன நண்பனுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுப்பது அவர்களால் இயலும். தம் நிறுவனத்தில் எந்தப் பிரிவில் பகுதிநேர ஆள் தேவைப்படுகிறது, விண்ணப்பத்தை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று சொல்வதும் இயலும். வேலைகளில் கணிசமானவை அறிந்தவர் வழியாகவே கிடைக்கின்றன. நோயால் துண்டிக்கப்பட்டவர் முதலில் இழப்பது அந்த அறிந்தவர் வட்டத்தைத்தான்.

தமிழ் வணிகர் சங்கங்கள் தம் உறுப்பினரிடமிருந்து ஆண்டுக்கு இரண்டு மூன்று உண்மையான வெற்றிடங்களைத் திரட்டி, அருகிலுள்ள ஐ.பி.எஸ். குழுவிடம் கொடுக்கலாம். ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஆண்டு விழாவில் ஒரு அரைமணி நேரத்தை உளநல மருத்துவர் ஒருவருக்கும், வேலைக்குத் திரும்பிய ஒருவர் பேச விரும்பினால் அவருக்கும் ஒதுக்கலாம். மேடையில் ஒருவர் வெளிப்படையாகப் பேசினால், மண்டபத்தில் இருக்கும் பல பெற்றோருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

வேலை எல்லா நோயையும் தீர்க்கும் மருந்து அன்று. ஆனால் காலையில் எழுவதற்கு ஒரு காரணம், பெயர் சொல்லி அழைக்கும் நான்கு சக ஊழியர், மாத முடிவில் தன் பெயரில் வரும் சம்பளம் ஆகியவற்றை எந்த மாத்திரையும் தருவதில்லை. அடுத்த கலியாண வீட்டில் யாரேனும் "தம்பி என்ன செய்கிறான்?" என்று கேட்டால், பெற்றோர் வேறு நகரத்தைத் தேட வேண்டியதில்லை. "செவ்வாயும் வியாழனும் வேலைக்குப் போகிறான்" என்று சொல்லலாம். அவனும் பக்கத்துக் கதிரையில் இருந்தால் அவனே சொல்வான்.